எந்த டன் தம்பி?

போன கிழமை ராவு பத்தரை இருக்கும், படுக்கப் போற நேரம், நியூ ஜேர்சியில இருக்கிற பெரியம்மாட மகன் வட்ஸ்அப்பில ஒரு டிரோயிங்கை அனுப்பிப்போட்டு கீழ ஒரு வரி போட்டிருந்தார். "டேய், இதில கொங்கிறீட் 4000 பி.எஸ்.ஐ. எண்டு கிடக்கு, அங்க ரெடிமிக்ஸ்காரனுக்கு என்னெண்டு சொல்லுறது?" அவருக்கு அங்க மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில ஊர் வீட்டைக் கட்டுறார். வெள்ளவத்தையில பெரியம்மா இருக்கிற வீட்டுக்குப் பின்னால இன்னொரு துண்டு எழுப்பப் போறாராம், கூட வேலை செய்யிற ஒரு எஞ்சினியர் கூட்டாளி சும்மா கீறிக் குடுத்தவராம். (இங்கத்த எஞ்சினியர் ஒருத்தர் பாத்துக் கையெழுத்துப் போடாமல் அதை வைச்சு ஒரு கல்லும் வைக்க ஏலாது, நான் சொன்னால் அண்ணை கேக்கப் போறதில்லை, அது வேற சண்டை.)

நான் படுத்தபடியே 4000ஐ 145ஆல பிரிச்சு, 27.6 எண்டு அனுப்பினன். பி.எஸ்.ஐ. எண்டால் ஒரு சதுர இஞ்சிக்கு எத்தினை இறாத்தல் தாங்கும் எண்டுறது, இங்க கொங்கிறீட் கிரேட் சொல்லுறது மெகா பஸ்காலில. ஒரு மெகா பஸ்கால் எண்டால் 145 பி.எஸ்.ஐ., இது எனக்கு வீட்டு நம்பர் மாதிரிப் பாடம். உடனை அண்ணை, "அப்ப கிரேட் 30 எண்டு ஓடர் பண்ணினாச் சரி, கூடத்தானே இருக்கு?" எண்டார்.

சரியில்லை. கணக்கு சரி, ஆனா விடை பிழை. இதை வட்ஸ்அப்பில ரைப் பண்ணி விளங்கப்படுத்த ஏலாது எண்டு, காலமை கதைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தன், ஆனா நித்திரை வரேல்லை, ஏனெண்டால் இதே மாதிரி ஒரு விசயத்தில நான் ஒருக்கா நல்லா மூக்குடைபட்டிருக்கிறன்.

படிப்பு முடிஞ்ச கையோட, கொழும்புக்குக் கிட்ட ஒரு சின்ன டெஸ்டிங் லாப்பில வேலை பழகின காலம். லாப் எண்டாப் பெரிசா நினைக்க வேண்டாம், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, ஒரு மூலையில கியூப் (உடைச்சுப் பாக்க அச்சில வாக்கிற சதுரக் கொங்கிறீட் கட்டி) ஊறவைக்கிற தண்ணித் தொட்டி, மற்ற மூலையில கொங்கிறீட் நசிக்கிற மெசின். அந்த மெசினுக்கு என்ர அப்பாட வயசு. பச்சைப் பெயின்ற் அடிச்சு உரிஞ்சு, அதுக்கு மேல திரும்ப அடிச்சு, முகத்தில சுவர் மணிக்கூட்டளவில ஒரு டயல். டயலில ரெண்டு முள். கறுப்பு முள் லோட் ஏற ஏற ஏறும், சிவப்பு முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும், கியூப் உடைஞ்ச உடனை கறுப்பு சீரோவுக்கு விழும், சிவப்பு போன இடத்திலயே நிக்கும். அந்தச் சிவப்பு முள்ளு நிக்கிற இடத்தைத்தான் நாங்கள் எழுதுறது. கண்ணாடி ஒரு பக்கம் வெடிச்சு டேப் ஒட்டியிருந்தது, அதுக்கு உள்ள ஒரே ஒரு சொல்தான் பெரிய எழுத்தில: டன்ஸ்.

அண்டைக்கு வந்தது கிரேட் 25 கியூப் மூண்டு. முதலாவதை வைச்சன். நல்ல கியூப் உடையிறதைப் பாத்தவைக்குத் தெரியும், நாலு பக்கமும் செதில் செதிலாக் கழண்டு, நடுவில இடுப்புச் சிறுத்த உடுக்கு மாதிரி ஒண்டு மிஞ்சும். அதுவும் உடுக்காத்தான் உடைஞ்சது. சிவப்பு முள் 57இல நிண்டது.

நான் கணக்குப் போட்டன். ஒரு டன் எண்டால் 1000 கிலோ. கிலோவை நியூட்டனாக்க 9.80665ஆல பெருக்கோணும், அப்ப 57 டன் 559 கிலோ நியூட்டன். கியூப் 150க்கு 150 மில்லிமீற்றர், 22500 சதுர மில்லிமீற்றர். பிரிச்சால் 24.8. இருபத்தஞ்சு வரேல்லை! பெரிய ஆள் மாதிரி சிவப்புப் பேனையால 24.8 எண்டு எழுதி அதைச் சுத்தி வட்டம் வேற போட்டு வைச்சன். அரை மணித்தியாலத்தில சைட்காரர் கோல் பண்ணிக் கத்தத் தொடங்கிட்டார்.

அந்த லாப்பில முப்பது வருசத்துக்கு மேல வேலை செய்த ஒரு நானா இருந்தார். படிப்பு ஓ லெவலோட நிண்டது, ஆனா அந்த மெசின் இருமினால் என்ன வருத்தம் எண்டு சொல்லக்கூடிய ஆள். ஃபோனில நடந்ததைக் கேட்டுக்கொண்டு நிண்டவர், வந்து என்ர தாளைப் பாத்தார், பேந்து டயலைப் பாத்தார்.

"தம்பி, எந்த டன்?"

"என்ன நானா, டன் எண்டா டன்தானே."

"இது இங்கிலீஸ் மெசின் தம்பி. இது கப்பல்ல வரக்குள்ள ஒங்கட கிலோ இந்தப் பக்கம் வரவே இல்ல."

அவர் சொன்னது விளங்க எனக்கு ஒரு நிமிசம் எடுத்தது. பிரித்தானிய டன் 2240 இறாத்தல். அதை நியூட்டனில சொன்னால் 9964, என்ர மெற்றிக் டன் 9807. வித்தியாசம் ஒண்டரை வீதத்துக்குக் கொஞ்சம் மேல. 57 டன் இப்ப 568 கிலோ நியூட்டன், பிரிச்சால் 25.2. பாஸ்! இதே டயல் அமெரிக்க மெசினில இருந்திருந்தால் அது 2000 இறாத்தல் டன், 8896 நியூட்டன், அதே 57க்கு விடை 22.5தான். ஒரே முள், ஒரே சொல், மூண்டு விடை.

நான் அவசரமா 24.8ஐ வெட்டி 25.2 எண்டு எழுதப் போக, நானா கையைப் பிடிச்சார். "பொறு, எந்த அச்சில போட்ட கியூப்?" எண்டு கேட்டுக்கொண்டு, உடையாத ரெண்டாவது கியூப்பை எடுத்து அளக்கிற வேர்ணியரை வைச்சார். 150 இல்லை, 152க்கு மேல காட்டிச்சு. அந்த சைட்டுக்குக் குடுத்துவிட்ட அச்சும் பழசு, ஆறு இஞ்சி அச்சு. ஆறு இஞ்சி எண்டால் 152.4 மில்லிமீற்றர், பரப்பளவு 23226. ரெண்டு மில்லிமீற்றர் எண்டு நாங்கள் நினைக்கிறது பரப்பில மூண்டு வீதத்துக்கு மேல. 568ஐ இதால பிரிச்சால் 24.5.

அப்ப நான் முதல் எழுதின பிழையான 24.8உம் பிழை, திருத்தப் போன 25.2உம் பிழை, சரியான விடை ரெண்டையும் விடக் குறைவு. மிச்ச ரெண்டு கியூப்பும் 60, 61 டன்னுக்குப் போனது, மூண்டின்ர சராசரி 25ஐக் கொஞ்சம் தாண்டிச்சு, சைட் எஞ்சினியர் முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்து வைச்சார். நானா டயல் கண்ணாடியில ஒரு வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டி அதில 9.964 எண்டு எழுதிவிட்டார். அவர் அதை அதுக்கு முதல் முப்பது வருசமா எழுதாமல் மண்டையிலதான் வைச்சிருந்திருக்கிறார், அதையும் சொல்லத்தானே வேணும்.

அண்டையில இருந்து எனக்கு அலகு மாத்துற அட்டவணைகளில பெரிய மரியாதை இல்லை. ஃபோனில தட்டினால் பி.எஸ்.ஐ. 6894.757 பஸ்கால் எண்டு ஏழு இலக்கத்தில வரும். அந்த இலக்கம் ஒண்டும் பொய்யில்லை, 1959இல இறாத்தலை 0.45359237 கிலோ எண்டும் இஞ்சியை 25.4 மில்லிமீற்றர் எண்டும் நாடுகள் சேந்து ஒத்துக்கொண்டதில இருந்து வாற கணக்கு அது. ஆனா ஒரே லொறியில வந்த கொங்கிறீட்டில போட்ட மூண்டு கியூப் மூண்டு விதமா உடையேக்க, ஏழு இலக்கத்தை வைச்சு என்ன செய்யிறது.

அதை விட எண்ணுக்கு ஒரு கனம் தெரியோணும். ஏ லெவலில தகைப்பு எண்டு படிச்சம், விசையைப் பரப்பால பிரி, நியூட்டன் பெர் சதுர மீற்றர். 1971இல அதுக்குப் பஸ்கால் எண்டு பெயர் வைச்சவை. பெயர் நல்லம், ஆனா ஒரு பஸ்கால் எவ்வளவு எண்டு கை உணருமோ? மேசையில கிடக்கிற ஒரு சாதாரண ஏ4 தாள் மேசையை அமத்துறது 0.8 பஸ்கால் அளவில. அவ்வளவுதான். அதால மெகா பஸ்கால், பத்து லட்சம் பஸ்கால். இன்னொரு விதமாச் சொன்னால் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஒரு நியூட்டன், ரெண்டும் ஒண்டேதான், பெருக்கப் பிரிக்க ஒண்டுமில்லை, ஆனா ஒரு றிப்போட்டில ஒரு பெயரும் மற்றதில மற்றப் பெயரும் இருந்தால் இதை மாத்தோணுமோ எண்டு கேக்கிற பொடியள் இப்பவும் இருக்கினம்.

எனக்கு நான் வைச்சிருக்கிற அளவு சீமெந்துப் பை. ஒரு விரல் நகம் கிட்டத்தட்ட ஒரு சதுர சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ. ஒரு மெகா பஸ்கால் எண்டால் அந்த நகத்தில பத்துக் கிலோ. 50 கிலோ சீமெந்துப் பை ஒண்டு அஞ்சு மெகா பஸ்கால். கிரேட் 25 கொங்கிறீட் எண்டால் அஞ்சு பை, ஒரு நகத்தில. 500 கிரேட் கம்பி இழுபடத் தொடங்கிறது நூறு பையில. இப்பிடி யோசிச்சால் பத்து மடங்கு பிழை விட ஏலாது, ஒருத்தர் 250 மெகா பஸ்கால் கொங்கிறீட் எண்டு எழுதினால் அம்பது பை நகத்துக்கு மேல நிக்கிறது கண்ணுக்குத் தெரியும், சிரிப்பு வரும்.

பி.எஸ்.ஐ.க்கும் எங்களுக்கு ஒரு அளவு இருக்கு, நாங்கள்தான் கவனிக்கிறதில்லை. இறாத்தல் எல்லாம் போய்க் கனகாலம் எண்டு சொல்லுவம், ஆனா காலமை கடையில "ஒரு இறாத்தல் பாண்" எண்டுதானே கேக்கிறம். ஒரு இஞ்சிச் சதுரத்துக்கு மேல ஒரு இறாத்தல் பாண், அதுதான் ஒரு பி.எஸ்.ஐ. டயர் கடையில பொடியன் "எத்தினை அண்ணை?" எண்டு கேக்க "முப்பது" எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறம், அலகு ரெண்டு பேரும் சொல்லுறதில்லை, முப்பது பாண்தான் போகுது. அண்ணையின்ர கொங்கிறீட்டில நாலாயிரம் பாண்.

கிலோ இன்னும் மோசம், ஏனெண்டால் அது திணிவும் விசையும் ரெண்டுமா நடிக்கும். ஜப்பான், இந்தியப் பழைய புத்தகங்களில கிலோ பெர் சதுர சென்ரிமீற்றர் எண்டு கிடக்கும், அது 0.098 மெகா பஸ்கால், பார் எண்டுற அழுத்த அலகுக்கு ரெண்டு வீதம் குறைய. சைட்டில ஜாக் கேஜைப் பாத்து பாரும் கிலோவும் ஒண்டுதான் எண்டு வாசிப்பினம், ரெண்டு வீதத்துக்கு ஒருத்தரும் சாகமாட்டினம், விடுங்கோ. (9.80665 எண்டுறதும் ஒரு பொது ஒப்பந்த எண்தான். பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்கட கொழும்பில ஈர்ப்பு 9.78தான், ஒரு டன்னைத் தூக்கி வைச்சால் கணக்கை விட ரெண்டரைக் கிலோ குறையத்தான் அமத்தும். உண்மையான பாரத்தை வைச்சு மெசின் கலிபிரேற் பண்ணுறவைக்கு மட்டும் இது தேவை, மற்ற ஆக்கள் இதைச் சொல்லி கூட்டாளிகளோட பந்தயம் கட்டலாம்.) மண் றிப்போட்டில இன்னும் விசேசம், ஒரு டன் பெர் சதுர அடி, ஒரு கிலோ பெர் சதுர சென்ரிமீற்றர், ஒரு பார், நூறு கிலோ பஸ்கால், எல்லாம் கிட்டத்தட்ட ஒண்டுதான், தற்செயலா அப்பிடி அமைஞ்சது. நேராப் பாத்தால் ஒரு டன் பெர் சதுர அடி பிரித்தானிய டன்னில 107 கிலோ பஸ்கால், அமெரிக்க டன்னில 96. திரும்பவும் நானாட கேள்விதான்.

பழைய புத்தகம் ஒண்டு கையில வந்து அலகு எழுதாமல் கிடந்தால் நான் ஒரு சின்ன வேலை செய்வன். அதே பக்கத்தில உருக்கின்ர யங்ஙின் மட்டு, அதாவது அதின்ர விறைப்பைச் சொல்லுற எண், எங்கயாவது இருக்கோ எண்டு தேடுவன். அந்த விறைப்பு மாறாது, உலகத்தில எங்க போனாலும் 200 கிகா பஸ்கால் அளவுதான். 29,000 எண்டு கிடந்தால் கே.எஸ்.ஐ., அதாவது ஆயிரம் பி.எஸ்.ஐ. 29 மில்லியனோ 30 மில்லியனோ எண்டால் வெறும் பி.எஸ்.ஐ. 20 லட்சத்துக்கு மேல எண்டால் கிலோ பெர் சதுர சென்ரிமீற்றர். 13 ஆயிரம் எண்டால் பிரித்தானிய டன் பெர் சதுர இஞ்சி, நானாட மெசினோட கப்பல்ல வந்த புத்தகம் அது. இதைப் போல ஆளைக் காட்டிக்குடுக்கிற எண் வேற இல்லை.

இரும்பில பெயரே அலகுதான், அதிலயும் மாட்டுப்படுவம். குவாரி ரோட்டில நெட்டு போல்ட் விக்கிற கடையில போய் "எட்டெட்டு" குடுங்கோ எண்டால் குடுப்பினம், தலையில 8.8 எண்டு புடைச்சிருக்கும். முன் எட்டை நூறால பெருக்கினால் 800 மெகா பஸ்கால், அதில அறும். புள்ளிக்குப் பின் எட்டு, அந்த 800இல எண்பது வீதம், 640, அதில இழுபடத் தொடங்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனா எல்லாப் பெயரும் இப்பிடி நேர்மையில்லை. ஜப்பான்காரர் எஸ்.எஸ். 41 எண்டு சொன்ன உருக்குத்தான் இப்ப எஸ்.எஸ். 400, 41 கிலோ பெர் சதுர மில்லிமீற்றரைப் பெருக்கினால் 402, அதை வெட்டி 400. அமெரிக்காவில 36 எண்டுறது 36 கே.எஸ்.ஐ., பெருக்கினால் 248, மெற்றிக் ஸ்ராண்டேட்டில 250. 60 கிரேட் கம்பி 413.7, அதை 420 எண்டு கூட்டி வைச்சிருக்கினம். ஆக, கல்குலேற்றரில வாற எண்ணும் ஸ்ராண்டேட்டில அடிச்சிருக்கிற எண்ணும் எப்பவும் ஒண்டாய் இருக்காது, டிரோயிங்கில 413.7 எண்டு எழுதிக் குடுத்தால் அப்பிடி ஒரு கம்பி உலகத்தில இல்லை.

ஒருக்கா ஒரு ஸ்ரோர் கீப்பர் லொறியைத் திருப்பி அனுப்ப வெளிக்கிட்டார். ஓடரில பழைய பிரித்தானிய கிரேட் 43, வந்த சேர்ட்டிபிக்கற்றில எஸ் 275. "430 கேட்டம், 275 தாறாங்கள், பட்டப்பகல் கொள்ளை!" எண்டு கேற்றில நிண்டு சத்தம். ரெண்டும் ஒரே உருக்கு. 43 சொல்லுறது அறுகிற இடத்தை, 275 சொல்லுறது இழுபடத் தொடங்கிற இடத்தை. அலகு ரெண்டுக்கும் ஒண்டுதான், மாத்த ஒண்டுமில்லை, ஆனா கேள்வி வேற. அவரில பிழை சொல்ல ஏலாது, பெயர் வைச்சவைக்குத்தான் சொல்லோணும்.

இதேதான் அண்ணையின்ர 4000 பி.எஸ்.ஐ.யிலயும். அமெரிக்காவில கொங்கிறீட்டை உடைச்சுப் பாக்கிறது உருளையில, ஆறு இஞ்சி விட்டம், பன்ரெண்டு இஞ்சி உயரம். நாங்கள் பிரித்தானியர் பழக்கின வழியில கியூப்பில. கியூப் கட்டை, மெசின்ர இரும்புத் தட்டு மேலயும் கீழயும் உரஞ்சு பிடிக்க அது பக்கத்துக்கு விரிய ஏலாமல் இறுகி நிக்கும், அதாலதான் அந்த உடுக்கு வாறது. உருளை உயரமாப் போறதால நடுவுக்கு அந்தப் பிடி எட்டாது, வேளைக்கே உடையும். ஒரே கொங்கிறீட், உருளையில கியூப்பின்ர எண்பது வீதமளவில காட்டும். ஐரோப்பாக்காரர் இந்தக் குழப்பத்துக்குத்தான் ரெண்டு எண்ணையும் சேத்து எழுதினது, சி 25/30 எண்டால் உருளையில 25, கியூப்பில 30. அப்ப 4000 பி.எஸ்.ஐ. உருளையில 27.6, எங்கட கியூப்பில 34, 35. அண்ணைக்கு வேணுமானது 28/35. கிரேட் 30 எண்டு ஓடர் பண்ணியிருந்தால் ஒவ்வொரு கல்குலேற்றரும் சரி எண்டு சொல்லும், கொங்கிறீட் 14 வீதமளவில குறையும்.

செவ்வாய்க்குப் போன கப்பல் 1999இல அலகு மாறி அழிஞ்ச கதையை இந்த மாதிரி இடத்தில எல்லாரும் எடுத்து விடுவினம். எனக்கு அதில பெரிய பயமில்லை. அதில பிழை நாலரை மடங்கு. நான் பயப்பிடுறது ரெண்டுக்கும் பதினஞ்சுக்கும் இடையில இருக்கிற வீதங்களுக்குத்தான், நகத்தில பை அடுக்கிப் பாத்தாலும் பிடிபடாது, பாக்கச் சரி மாதிரியே இருக்கும்.

காலமை அண்ணைக்குக் கோல் எடுத்து இவ்வளவையும் சொன்னன், உருளை, கியூப், உடுக்கு, நானா எல்லாம். பொறுமையாக் கேட்டார், அது அவருக்குக் கஸ்ரமான விசயம்.

"அப்ப கிரேட் 35. கியூப்பில. எழுதிட்டன். வேற?"

"கையெழுத்துப் போட ஒரு இங்கத்த எஞ்சினியர்."

"அதை விடு. மேசன் பாஸ் மதில் வேலைக்கு மண் எஸ்ரிமேற் அனுப்பியிருக்கிறார், எட்டுக் கியூப்பாம், காசு ஏத்தி விடச் சொல்லுறார். ஆறு இஞ்சிக் கியூப் எட்டுக்கு இவ்வளவு காசோடா?"

மண் கியூப் எண்டால் நூறு கன அடி. அதை விளங்கப்படுத்த இன்னொரு அரை மணித்தியாலம் போச்சு.